இன்னும் வெளிவராத மூன்று போர்கள்

மின்கட்டணச் சீட்டின் பின்புறம்
நான்கு கோடு இழுத்தேன்.
மேலே மூன்று பெயர்:
இரும்புக்கரை, ஒன்பதாம் வாயில், சாம்பல்நிலம்.
ஒன்றும் இன்னும் வெளிவரவில்லை.
ஒன்றைப் பற்றியும் எங்களுக்குத் தெரியாதது இல்லை.
மூன்று டிரெய்லரிலும் ஒரே மழை,
ஒரே கறுப்புக் குதிரை,
யாரோ ஒருவன் மெதுவாகத் திரும்பிப் பார்க்கிறான்.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை,
மூன்றாம் மாடி.
பாணந்துறை ரயில் போகையில் திரை நடுங்கும்,
கதை நிற்கும்.
போனதும் விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவான் ஹிஷாம்:
"...முழுக்க, மச்சான். செத்தா முழுக்கப் போகும்.
வாள், குதிரை, உடுத்த கவசம்,
எல்லாம் கொன்றவனுக்கு."
அது இரும்புக்கரை.
ஆறு மாதம் சேர்த்ததை ஆறு செக்கனில் இழக்கலாம்.
"அதுதானே விளையாட்டு" என்கிறான்
புறக்கோட்டையில் வாப்பாவோடு துணிக்கடை நடத்துபவன்,
ஒரு முழம் சீத்தை கடன் கொடுக்காதவன்.

ஒன்பதாம் வாயிலில்
கோட்டையை எப்போது தாக்கலாம் என்று
கோட்டைக்காரரே நேரம் குறிக்கலாம்.
இரவு எட்டிலிருந்து ஒன்பது.
மற்ற நேரம் மதில் உடையாது.
எனக்கு இது போதும்.
கொள்ளுப்பிட்டியில் ஏறினால்
நூறாம் நம்பர் பஸ் என்னைக் கக்க ஏழு மணியாகும்.
பிறகு குளிப்பு, சோறு, அம்மாவின் அழைப்பு.
படையெடுப்பவர்கள் அதுவரை
வாசலில் பொறுக்கட்டும்.
சொல்ல மறந்தேன், என் வீரனுக்கு எப்போதும் தாடி உண்டு.
பெண்ணுருவம் எடுத்தால்
வாளுக்கு முன்னம் வணக்கம் வந்துவிடுகிறது.

சேர்வர் மூன்றுக்கும் சிங்கப்பூரில்.
இங்கிருந்து எழுபத்தெட்டு மில்லிசெக்கன்.
அதாவது, நான் கேடயம் தூக்கும்போது
அங்கே ஏற்கெனவே இறந்திருப்பேன்.
மூன்று நிரலிலும் அதே எண்.
விலையை மட்டும் ரூபாயில் எழுத விடவில்லை ஹிஷாம்.
"டொலர்ல போடு. நாளைக்குப் பிழைச்சிரும்."

அடுத்த வரி, பாதுகாப்பு வலயம்.
இரும்புக்கரை: நகரங்கள் மட்டும்.
ஒன்பதாம் வாயில்: வரைபடத்தில் பாதி.
சாம்பல்நிலம்: இல்லை.
எங்கும் இல்லை.
"அது என்ன விளையாட்டு," ஹிஷாம் சிரித்தான்,
"புதுசா வாறவன் எங்க போய் நிப்பான்?"

துவாரகன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான்.
புதுமாத்தளனில் அவனுக்கு எட்டு வயது.
அதற்குமேல் அவன் சொன்னதில்லை,
நாங்கள் கேட்டதில்லை.
"சாம்பல்நிலம் பரவாயில்லை" என்றான்.
"இல்லை எண்டு முதலே சொல்லுறாங்கள்."

ரயில் வந்தது. போனது.
இந்த முறை
விட்ட சொல்லை யாரும் எடுக்கவில்லை.

கடைசி வரி: யார் எந்தப் பிராந்தியம்.
ஹிஷாம் ஆசியா. நான் ஆசியா.
துவாரகன் பேனையை வாங்கித் தானே எழுதினான்:
வட அமெரிக்கா, கிழக்கு.
"பிங் முந்நூறு வரும். பைத்தியமாடா?"
"அங்க இருந்தா இருபது."

மின்விசிறி ஒரு சுற்று சுற்றி முடிக்க
எவ்வளவு நேரம் எடுக்கும் என்று
அன்றுதான் பார்த்தேன்.

"எப்ப?"
"ஒக்டோபர்."
சாம்பல்நிலமும் ஒக்டோபர்தான்.
பிந்தலாம். விளையாட்டு பிந்தாமல் வந்ததில்லை,
விசாவும் பிந்துவதுண்டு
என்றெல்லாம் நான் நினைத்தது
வெட்கமாக இருந்தது.

ஹிஷாம் தொண்டையைச் செருமினான்.
"மாசத்துக்கு ஒருக்கா
பிராந்தியமும் பிராந்தியமும் மோதுற ராவு ஒண்டு ஈக்குதாம்.
அண்டைக்கு உன்னத் தேடிப் புடிச்சு வெட்டுவன்."
"முழுக்க எடுப்பியா?"
"குதிரைய விட்டுத் தாறன்.
திரும்பிப் போகோணுமே."

அப்படியோர் இரவு
எந்த அறிவிப்பிலும் இல்லை.
மூன்றையும் நான் வரிவரியாகப் படித்தவள்.
சீட்டில் இடம் முடிந்திருந்தது.
ஓரத்தில், இலக்கத் தகட்டின் எண்ணுக்குப் பக்கத்தில்,
சின்னதாக எழுதினேன்:
உண்டு.